மின் கட்டணத்தைக் குறைக்க விரும்பும் வடசென்னைக் குடும்பங்களுக்கு

மின்சாரத்தைச் சேமிப்பது பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் அறையை விட்டு வெளியேறும்போது விளக்கை அணைக்க வேண்டும் என்பதில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. அதில் தவறில்லை. ஆனால் ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றை நாள்தோறும் ஒரு மணி நேரம் முன்னதாக அணைத்தால் இரண்டு மாதத்தில் மிச்சமாவது அரை யூனிட்தான். அதே வீட்டில் பன்னிரண்டு மணி நேரம் சுழலும் பழைய மின்விசிறியையும், இரவு முழுவதும் 20 டிகிரியில் ஓடும் ஏ.சி.யையும் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. கட்டணத்தைக் குறைக்க நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தம் வீடு கட்டண அடுக்கில் எங்கே நிற்கிறது என்பதையும், எந்தப் பொருள் அதை அடுத்த அடுக்குக்குத் தள்ளுகிறது என்பதையும்தான்.

கட்டண அடுக்கும் 500 யூனிட் என்னும் கோடும்

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். 2016ஆம் ஆண்டிலிருந்து முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விகிதத்தை வைத்து இங்கே கணக்கிடுகிறேன். விகிதம் மாறினாலும் கணக்குப் போடும் முறை மாறாது. மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு, 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரையிலான சலுகை விகிதம் போய்விடுகிறது. அந்த நூறு யூனிட்டுக்கும் 4 ரூபாய் 70 காசு கணக்கிடப்படுகிறது. அதற்கு மேல் 501 முதல் 600 வரை 8 ரூபாய் 40 காசு, 601 முதல் 800 வரை 9 ரூபாய் 45 காசு, 801 முதல் 1,000 வரை 10 ரூபாய் 50 காசு, ஆயிரத்துக்கு மேல் 11 ரூபாய் 55 காசு.

இதைக் கூட்டிப் பார்த்தால் 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் வருகிறது. 501 யூனிட்டுக்கோ 2,048 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட் கூடியதற்கு 243 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே 510, 530 என்று நிற்கும் வீடு முப்பது யூனிட்டைக் குறைத்தாலே கையில் தெரியும்படி பணம் மிஞ்சும். 180 யூனிட்டில் நிற்கும் வீடு அதே முப்பது யூனிட்டைக் குறைத்தால் எழுபது ரூபாய்தான் மிஞ்சும். சேமிப்பது எப்போதும் மேல் அடுக்கு யூனிட்டையே என்பதால், மேல் அடுக்கில் இருப்பவருக்கே சேமிப்பின் பயன் அதிகம். கீழ் அடுக்கில் இருப்பவர் புதிய சாதனங்களை வாங்கப் பணம் செலவழிக்க அவசரப்பட வேண்டியதில்லை.

ரீடிங் எடுக்கும் தேதியும் இதில் சேரும். நாளொன்றுக்கு எட்டு யூனிட் செலவாகும் வீட்டில் கணக்கெடுப்பு ஐந்து நாள் தள்ளிப்போனால் நாற்பது யூனிட் இந்தத் தவணையிலேயே ஏறிவிடும். 480 யூனிட்டுக்கு 1,679 ரூபாய் கட்ட வேண்டியவர் 520 யூனிட்டுக்கு 2,208 ரூபாய் கட்டுவார். சென்ற முறை ரீடிங் எடுத்த தேதியைக் குறித்து வைத்து, அறுபதாம் நாளில் மீட்டரைக் கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது நல்லது. கணக்கெடுப்பு வராவிட்டால் பகுதி ஈ.பி. அலுவலகத்திலோ, மின்னகம் சேவை மையத்தின் 94987 94987 என்ற எண்ணிலோ தெரிவிக்கலாம். அப்போது கையில் அந்தப் படம் இருந்தால் பேச்சு எளிதாக முடியும்.

ஒரே மீட்டரில் பல குடித்தனங்கள்

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, புளியந்தோப்பு போன்ற பகுதிகளில் ஒரே வாசலுக்குள் நான்கைந்து குடித்தனங்கள் இருக்கும் வீடுகள் இன்றும் உண்டு. பலவற்றில் ஈ.பி. மீட்டர் ஒன்றுதான், ஒவ்வொரு குடித்தனத்துக்கும் வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலையாக வாங்குகிறார். குடியிருப்பவர் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் இங்கே பெரிய பயன் கிடைக்காததற்குக் காரணம் அடுக்கு முறைதான். ஐந்து குடும்பங்கள் ஆளுக்கு 180 யூனிட் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். தனித்தனி இணைப்பு இருந்தால் ஒவ்வொரு குடும்பமும் 188 ரூபாய் கட்டும். ஐந்துக்கும் சேர்த்து 940 ரூபாய். ஒரே மீட்டரில் 900 யூனிட்டாகச் சேரும்போது அதே மின்சாரத்துக்கு 5,820 ரூபாய் வருகிறது. வீட்டுக்காரர் யூனிட்டுக்கு ஏழு, எட்டு ரூபாய் கேட்பது பேராசையாகத் தோன்றினாலும் பல வீடுகளில் அவர் கட்டும் தொகையே அந்த அளவுக்கு வந்துவிடுகிறது.

ஆகவே இத்தகைய வீடுகளில் எல்.இ.டி. பல்பு வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது தனி இணைப்புக்கு முயல்வதுதான். தனிச் சமையலறையோடு பிரிந்து நிற்கும் குடித்தனத்துக்குத் தனி இணைப்பு கோரி வீட்டு உரிமையாளர் பகுதி அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வைப்புத் தொகையும் ஒயரிங் செலவும் ஒரு தடவை ஏற்படும். அந்தச் செலவைக் குடியிருப்பவர்கள் பகிர்ந்துகொள்வதாகச் சொல்லி, மேலே கண்ட கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினால் இணங்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள்.

மீட்டரை வைத்தே அளந்து பார்த்தல்

எந்தப் பொருள் எவ்வளவு இழுக்கிறது என்று அறியத் தனிக் கருவி வேண்டியதில்லை. மின்னணு மீட்டரின் முகப்பில் சிறிய சிவப்பு விளக்கு ஒன்று கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது அதன் அருகிலேயே அச்சிடப்பட்டிருக்கும். ஒருமுனை மீட்டர்கள் பலவற்றில் அது 3200. வீட்டில் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு, சோதிக்க வேண்டிய ஒரு பொருளை மட்டும் ஓடவிட்டு, ஐந்து நிமிடத்தில் விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ண வேண்டும். அந்த எண்ணைப் பன்னிரண்டால் பெருக்கி 3200ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை யூனிட் என்பது வந்துவிடும். ஐந்து நிமிடத்தில் இருபது சிமிட்டல் என்றால் மணிக்கு 0.075 யூனிட், அதாவது 75 வாட். பழைய மின்விசிறி ஒன்று இழுப்பது இந்த அளவுதான்.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு சிமிட்டினால், செட்டாப் பாக்ஸ், இணைய ரவுட்டர், இன்வெர்ட்டர் ஆகியவற்றின் பிளக்குகளைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்க்க வேண்டும். அப்போதும் நிற்கவில்லையென்றால் ஒயரிங்கில் கசிவு இருக்கலாம். வேறொரு வீட்டின் இணைப்பு தவறாக இங்கே சேர்ந்திருக்கவும் கூடும். கடற்கரையை ஒட்டிய பழைய கட்டடங்களில் உப்பீரம் ஏறிய சுவருக்குள் நாற்பது ஆண்டு பழைய ஒயர் ஓடுவது அரிதல்ல. இதைக் கட்டணப் பிரச்சினையாக மட்டும் பார்க்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்பதால், உரிமம் பெற்ற மின்பணியாளரை உடனே வரவழைத்து, கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்தியிருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஒரு வீட்டின் கணக்கு

இரண்டு அறையும் சமையலறையும் கொண்ட நடுத்தர வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 75 வாட் மின்விசிறிகள் மூன்று, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 162 யூனிட். குளிர்சாதனப் பெட்டிக்கு 60 யூனிட். பழைய சோக் வைத்த டியூப்லைட் மூன்று, சோக் இழுப்பதையும் சேர்த்து ஒவ்வொன்றும் 55 வாட், மாலை ஆறு மணி நேரம் எரிந்தால் ஏறத்தாழ 60 யூனிட். தொலைக்காட்சியும் செட்டாப் பாக்ஸும் 36, தண்ணீர் மோட்டார் 18, துணி துவைக்கும் இயந்திரம் 8, மிக்சி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி எல்லாம் சேர்ந்து 16. மொத்தம் 360 யூனிட்; கட்டணம் 987 ரூபாய்.

கோடையில் இந்த வீட்டில் ஒரு டன் ஏ.சி. இரவு எட்டு மணி நேரம் ஓடி, நாளுக்கு ஐந்து யூனிட் இழுத்தால் 300 யூனிட் கூடுகிறது. பயன்பாடு 660 யூனிட்டாகிறது; கட்டணமோ 3,447 ரூபாய். பயன்பாடு இரு மடங்கைக்கூட எட்டவில்லை, கட்டணம் மூன்றரை மடங்காகிவிட்டது. சித்திரை, வைகாசி மாத ரசீதைப் பார்த்து மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று சந்தேகப்படுபவர்களில் பலருக்கு உண்மையில் நடந்தது இதுதான்.

இதே வீட்டில் மூன்று மின்விசிறிகளையும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. வகையின் 30 வாட் விசிறிகளாக மாற்றினால் 97 யூனிட்டும், டியூப்லைட்டுகளை 20 வாட் எல்.இ.டி. பட்டைகளாக மாற்றினால் 38 யூனிட்டும் குறைந்து, 525 யூனிட்டும் 2,250 ரூபாயுமாக வருகிறது. ஏ.சி.யின் வெப்பநிலையை 22இலிருந்து 26க்கு உயர்த்தினால் மேலும் எழுபது யூனிட் குறையலாம். 455 யூனிட்டுக்குக் கட்டணம் 1,521 ரூபாய் 50 காசு. ஏ.சி.யைக் கைவிடாமலே கட்டணம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

மின்விசிறி

சென்னையில் மின்விசிறி ஓடாத மாதம் கிடையாது. எனவே வீட்டில் முதலில் கவனிக்க வேண்டிய பொருள் இதுவே என்பது என் கருத்து. சாதாரண விசிறி முழு வேகத்தில் 70 முதல் 80 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. விசிறி 28 முதல் 35 வாட்டில் அதே காற்றைத் தரும். கடைகளில் சாதாரண ரகங்கள் மூவாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கின்றன. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் விசிறி ஒன்றை மாற்றினால் தவணைக்கு 32 யூனிட் மிஞ்சும். 8 ரூபாய் 40 காசு அடுக்கில் இருப்பவருக்கு அது 270 ரூபாய். போட்ட பணம் இரண்டு ஆண்டுக்குள் திரும்பிவிடும். 200 யூனிட்டுக்குள் இருப்பவருக்கு அது 76 ரூபாய்தான். பணம் திரும்ப ஆறு ஆண்டுக்கு மேலாகும். அவர் இருக்கும் விசிறி பழுதாகும்வரை காத்திருக்கலாம். வீட்டிலுள்ள எல்லா விசிறிகளையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதும் இல்லை. படுக்கையறை விசிறிதான் அதிக நேரம் ஓடும், அதிலிருந்து தொடங்கலாம்.

பி.எல்.டி.சி. விசிறிக்குச் சுவரிலுள்ள ரெகுலேட்டர் தேவையில்லை. அதன் வேகம் ரிமோட்டில் மாறும். ரெகுலேட்டர் வழியாக இணைத்து அதையும் திருப்பிக்கொண்டிருந்தால் உள்ளிருக்கும் மின்னணுப் பலகை கெட்டுப்போகும். பொருத்தும்போதே ரெகுலேட்டரைக் கழற்றி நேராக இணைக்கச் சொல்லிவிட வேண்டும்.

பழைய விசிறியை வைத்திருப்பவர்கள் பெட்டி போலப் பெரிதாக இருக்கும் பழைய ரெகுலேட்டரை எலக்ட்ரானிக் ரெகுலேட்டராக மாற்றிக்கொள்ளலாம். பழையது வேகத்தைக் குறைக்கும்போது மீதி மின்சாரத்தை வெப்பமாக வீணாக்குகிறது. கை வைத்துப் பார்த்தாலே சூடு தெரியும். விசிறி மெதுவாகச் சுற்றினால், அதன் மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றிக் காயில் கட்டக் கொடுப்பதற்கு முன் கன்டென்சரை மாற்றிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும், செலவும் நூறு ரூபாய்க்குள் அடங்கும். மறுபடி மறுபடி காயில் கட்டிய விசிறி காற்றைக் குறைத்து மின்சாரத்தைக் கூட்டிக்கொண்டே போகும் என்பதால் அதைத் தூக்கிப் போடுவதே லாபம்.

ஏ.சி.யும் உப்புக் காற்றும்

ஏ.சி.யின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ ஆறு சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்குமாறு அமைக்கப்பட்டு வருவதும் அதனால்தான். 26 டிகிரியில் வைத்து மேலே விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டால் 23 டிகிரியின் சுகம் கிடைக்கும். சீக்கிரம் குளிர வேண்டும் என்று 18இல் வைப்பதால் சாதாரண ஏ.சி. எந்த வேகக் கூடுதலும் பெறுவதில்லை. 26ஐக் கடந்த பிறகும் நிற்காமல் ஓடுகிறது, அவ்வளவுதான்.

வடசென்னைக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது தூசியும் உப்பும். அத்திப்பட்டில் 1,830 மெகாவாட் திறனுள்ள வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்களும் பக்கத்தில் வல்லூர் நிலையமும் இயங்குகின்றன; துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலிச் சாலையிலும் இரவு பகலாக ஓடுகின்றன. மின்சாரம் உற்பத்தியாகும் இடத்துக்கு அருகில் இருப்பதற்காக நமக்குக் கட்டணச் சலுகை கிடையாது. கிடைப்பது தூசி மட்டும்தான். ஏ.சி.யின் உள் வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவினால் போதும் என்று கையேட்டில் இருந்தாலும், எண்ணூர், திருவொற்றியூர், மணலி, கொருக்குப்பேட்டை வீடுகளில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவுவது நல்லது. வடிகட்டி அடைத்துக்கொண்டால் குளிர் குறையும், குளிர் குறைந்தால் வீட்டார் இன்னும் இரண்டு டிகிரி இறக்குவார்கள், மீட்டர் ஏறும்.

வெளியே மாட்டியிருக்கும் யூனிட்டின் நிலை இன்னும் மோசம். கடலை ஒட்டிய தெருக்களில் உப்புக் காற்று அதன் மெல்லிய தகடுகளை அரித்துவிடுகிறது; அரித்த தகடு வெப்பத்தை வெளியேற்றாததால் கம்ப்ரஸர் அதிக நேரம் ஓடுகிறது. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் புதிதாக வாங்குபவர்கள் செம்புக் குழாயும் அரிப்பைத் தடுக்கும் பூச்சிட்ட தகடும் உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். கோடைக்கு முன்பும் இடையிலும் மின்சாரத்தை முற்றிலும் துண்டித்துவிட்டு நல்ல தண்ணீரை மென்மையாகப் பாய்ச்சிக் கழுவ வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில் அதைப் பயன்படுத்தக் கூடாது. எட்டாத உயரத்தில் இருந்தால் பணியாளரிடம் விடுவதே சரி. வெளி யூனிட்டின் முன்னால் துணி உலர்த்துவதும் அட்டைப்பெட்டி அடுக்குவதும் காற்றோட்டத்தை அடைத்துவிடும்.

புதிய ஏ.சி. வாங்கும்போது நட்சத்திர எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நட்சத்திர அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுகிறது. 2022 ஜூலையிலும் அப்படி மாறியது. ஆகவே மிகப் பழைய ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. பட்டையில் அச்சிட்டிருக்கும் ஆண்டு யூனிட் அளவை ஒப்பிடுவதே சரியான வழி. ஏ.சி.க்கு அந்த அளவு ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துக் கணக்கிடப்படுகிறது. அதை 1,600ஆல் வகுத்து, தாம் ஓட்டும் மணி நேரத்தால் பெருக்கிக்கொள்ளலாம். பத்துக்குப் பத்து அறைக்கு ஒரு டன் போதும். மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள அறையானால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வீட்டின் சூட்டைக் குறைத்தல்

மேல்மாடி வீடுகளில் ஏ.சி. போராடுவது வெளிக்காற்றோடு அல்ல, பகலெல்லாம் சூடேறிய தளத்தோடு. பங்குனி பிறக்குமுன் மொட்டை மாடியைக் கூட்டிக் கழுவி, சுண்ணாம்பில் சிறிது ஃபெவிகால் கலந்து இரண்டு பூச்சு வெள்ளையடித்தால் தளம் சூடேறுவது நன்கு குறையும். ஐப்பசி மழையில் அது கரைந்துவிடுவதால் ஆண்டுதோறும் அடிக்க வேண்டியிருக்கும். விலை கூடினாலும் பரவாயில்லை என்பவர்கள் வெப்பத்தைத் திருப்பியனுப்பும் கூரைப் பெயின்ட் அடிக்கலாம். சிமென்ட் ஷீட் வேய்ந்த வீடுகளில் இந்த வெள்ளைப் பூச்சின் பலன் இன்னும் தெளிவாகத் தெரியும். ஷீட்டின் மேல் ஏறி மிதிக்காமல் ஏணியிலிருந்தே அடிக்க வேண்டும் என்பது முக்கியம். தென்னங்கீற்றுப் பந்தல் குளுமையானதுதான் என்றாலும் மின்கம்பிகள் தாழ்வாக ஓடும் நெருக்கமான தெருக்களில் அதைப் போட வேண்டாம்.

நமக்கு இயற்கை தந்திருக்கும் வசதி கடற்காற்று. கோடையில் காலையில் வீசுவது மேற்கிலிருந்து வரும் வெக்கைக் காற்று. நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் நுழையும். ஆகவே காலை பத்து மணி முதல் மேற்குச் சன்னல்களையும் திரைகளையும் மூடி வைத்து, காற்று திரும்பிய பிறகு கிழக்குப் பக்கத்தைத் திறந்துவிட வேண்டும். அக்னி நட்சத்திர நாட்களில் மேல்காற்று வலுத்து, கடற்காற்று பிந்தி வருவதும் உண்டு. அன்று மட்டும் ஏ.சி.யைக் கொஞ்சம் முன்னதாகப் போட்டுக்கொள்ளலாம், மற்ற நாட்களில் இரவு பத்து மணிவரை அது இல்லாமல் சமாளிக்க முடியும்.

குளிர்சாதனப் பெட்டி

இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் பொருள் என்பதால் இதன் சிறு குறையும் பெரிதாகும். இதன் பட்டையில் உள்ள ஆண்டு யூனிட் அளவை ஆறால் வகுத்தால் ஒரு தவணைக்கு எவ்வளவு என்று தெரியும். இடநெருக்கடியால் பெட்டியைச் சுவரோடு ஒட்டி, பக்கத்திலேயே அடுப்பும் இருக்கும்படி வைத்திருப்பது நம் பகுதியில் சகஜம். பின்பக்கம் ஒரு சாண் இடைவெளியும், அடுப்புக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு பலகை மறைப்பும் இருந்தால் போதும். கதவின் ரப்பர் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுக்க வேண்டும். எளிதாக வந்துவிட்டால் ரப்பரை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. கொதிக்கும் சாம்பாரை அப்படியே உள்ளே வைக்காதிருப்பதும், ஒரு கதவுப் பெட்டியில் பனி அரை சென்டிமீட்டர் தடிமனாகுமுன் கரைத்துவிடுவதும் பலருக்குத் தெரிந்ததுதான். இரவில் அணைத்துக் காலையில் போடும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. மறுபடி குளிரூட்டவும் மின்சாரம் தேவை என்பதால் மிச்சமாவது சொற்பம், மீன் கெடுவது நிச்சயம்.

சில்லறையும் சில்லறையல்லாததும்

மாவு அரைக்கும் கிரைண்டருக்கு வீட்டில் கிடைக்கும் திட்டு அநியாயமானது. 150 வாட் கிரைண்டர் நாற்பது நிமிடம் ஓடினாலும் 0.1 யூனிட்தான். மிக்சியும் அப்படியே. யாரும் கண்டுகொள்ளாத செட்டாப் பாக்ஸோ தொலைக்காட்சியை அணைத்த பிறகும் பத்து வாட் அளவுக்கு இழுத்துக்கொண்டிருக்கும். நாள் முழுவதும் அப்படியே இருந்தால் தவணைக்கு 14 யூனிட். சுவர்ச் சுவிட்சை அணைத்தால் அது மிச்சம். இன்வெர்ட்டர் பேட்டரி பழையதாகி, அதில் தண்ணீரும் வற்றியிருந்தால் மின்வெட்டே இல்லாத மாதத்திலும் இருபது முப்பது யூனிட் வீணாகும். டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பார்த்து ஊற்றி வருவது அவசியம்.

கீசர் 2,000 வாட் என்றால் கால் மணி நேரத்துக்கு அரை யூனிட். மார்கழி, தை தவிர மற்ற மாதங்களில் நம் மாடித் தொட்டித் தண்ணீரே வெதுவெதுப்பாக இருப்பதால் மற்ற மாதங்களில் அதன் சுவிட்சை மறந்துவிடலாம். துணி துவைக்கும் இயந்திரத்தில் வெந்நீர்த் தேர்வை நீக்கினால் பாதிக்கு மேல் குறையும்.

இன்டக்‌ஷன் அடுப்பு லாபமா என்று பலர் கேட்கிறார்கள். ஒரு 14.2 கிலோ சிலிண்டர் செய்யும் வேலையை ஏறத்தாழ 120 யூனிட் மின்சாரம் செய்யும். 4 ரூபாய் 70 காசு அடுக்கில் அதற்கு 564 ரூபாய். 8 ரூபாய் 40 காசு அடுக்கில் 1,008 ரூபாய். சிலிண்டர் விலையை இவற்றோடு ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். ஏ.சி. ஓடாத மாதங்களில் லாபம், ஏ.சி. மாதங்களில் நஷ்டம் என்ற நிலைதான் பல வீடுகளில் வரும்.

மோட்டார் ஒரு குதிரைத்திறன் என்றால் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட். தொட்டி நிரம்பி வழிவதைத் தடுக்க மிதவை சுவிட்ச் வைப்பதும், ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றி ஏற்ற வேண்டியிருந்தால் உறிஞ்சு குழாயின் அடியில் உள்ள ஃபுட் வால்வை மாற்றுவதும் போதுமானவை. அடுக்குமாடிகளில் மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் உள்ள பொது இணைப்புக்குத் தனிக் கட்டணம். பத்து வீட்டுக்கு மிகாத, மூன்று மாடிக்கு மிகாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு 2023 நவம்பரில் அந்தக் கட்டணம் யூனிட்டுக்கு 8 ரூபாய் 15 காசிலிருந்து 5 ரூபாய் 50 காசாகக் குறைக்கப்பட்டது. தகுதி இருந்தும் ரசீதில் பழைய வகையே தொடர்கிறதா என்று குடியிருப்போர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிளக்கில் சொருகினால் மின்சாரம் முப்பது, நாற்பது சதவீதம் குறையும் என்று விற்கும் சிறிய பெட்டிகளை வாங்க வேண்டாம். அவற்றுள் இருப்பது பெரும்பாலும் ஒரு கன்டென்சரும் ஒரு விளக்கும். வீட்டு மீட்டர் யூனிட்டைத்தான் கணக்கிடுகிறது. அந்தப் பெட்டியால் அதில் எதுவும் குறையாது.

சொந்த வீடும் நிழல் விழாத மொட்டை மாடியும் உள்ளவர்கள், அதிலும் தொடர்ந்து 500ஐத் தாண்டுபவர்கள், சூரிய மின்தகடுகளை யோசிக்கலாம். ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ நூறு சதுர அடி இடம் தேவை. சென்னையில் நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் கிடைக்கும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் மொத்தம் 78,000 ரூபாயும் மானியமாக அறிவிக்கப்பட்டது. இரும்புச் சட்டங்கள் முழுமையாகத் துத்தநாகம் பூசியவையாக இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். வெறும் பெயின்ட் அடித்த சட்டம் எண்ணூர்க் காற்றில் நீடிக்காது. தகடுகளில் படியும் தூசியை வாரம் ஒருமுறை விடியற்காலையில் தண்ணீர் விட்டுத் துடைக்க ஆள் இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும்.